குடத்தில் தெரிவதும் தெரியாததும்: கிராமத்து நிலத்தடி நீரை அறிகுறி பார்த்துச் சோதிக்கும் வழி

ஊரில் யாராவது "தண்ணீர் சரியில்லை" என்றால், எப்படிச் சரியில்லை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நிறம் மாறியிருக்கிறதா, நாற்றமடிக்கிறதா, உப்புக் கரிக்கிறதா, குடித்தவர்களுக்கு வயிற்றுப்போக்கு வந்ததா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, சோதனை வேறு, தீர்வும் வேறு. இந்தக் கேள்வியைக் கேட்காமல் எல்லாவற்றுக்கும் ஒரு கை ப்ளீச்சிங் பவுடரை அள்ளிப் போடுவதும், கடையில் வாங்கிய டி.டி.எஸ். மீட்டரை (நீரில் கரைந்த மொத்த உப்பைக் காட்டும் கருவி) டம்ளரில் நனைத்து "நல்ல தண்ணீர்தான்" என்று தீர்ப்புச் சொல்வதும் இன்றைக்கும் நடக்கின்றன.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் கைப்பம்பு, போர் (ஆழ்துளைக் கிணறு), திறந்த கிணறு ஆகியவற்றிலிருந்தும், போரிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி விடப்படும் குழாயிலிருந்தும் தண்ணீர் குடிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறிகுறிகளுக்குள் போகுமுன் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கண்ணையும் நாக்கையும் உறுத்துகிற நீர் பெரும்பாலும் தொல்லைதான் தரும். துருப்பிடித்த நிறம், நுரைக்காத சோப்பு, கரிக்கும் சுவை எல்லாம் இந்த வகை. உடம்பைக் கெடுக்கிற ஃப்ளோரைடு, நைட்ரேட், நோய்க்கிருமி மூன்றுக்கும் நிறம் இல்லை, மணம் இல்லை, சுவையும் இல்லை. ஆகவே அறிகுறி தெரிந்தால் சோதிப்பது ஒரு வேலை. அறிகுறியே இல்லாதபோதும் இந்த மூன்றையும் சோதித்து வைப்பது அதைவிடப் பெரிய வேலை.

கையில் இருக்க வேண்டியவை

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊராட்சிகளுக்குக் கள நீர்ப் பரிசோதனைப் பெட்டி தரப்படுகிறது. அதைக் கையாள ஒவ்வோர் ஊரிலும் ஐந்து பெண்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. பெட்டி எங்கே என்று ஊராட்சி செயலரிடம் கேளுங்கள். பல ஊர்களில் அது பீரோவுக்குள் பிரிக்கப்படாமலே இருக்கும். பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் எண்), கடினத்தன்மை, காரத்தன்மை, குளோரைடு, ஃப்ளோரைடு, இரும்பு, நைட்ரைட், நைட்ரேட், மீதக் குளோரின் (கிருமியைக் கொன்ற பின் நீரில் மிஞ்சும் குளோரின்) முதலியவற்றைச் சொட்டு மருந்தும் வண்ண அட்டையும் கொண்டு அதில் பார்த்துவிடலாம்.

பெட்டியைத் திறந்தவுடன் மருந்துப் புட்டிகளின் காலாவதித் தேதியைப் பாருங்கள். தேதி கடந்த மருந்து தவறான நிறம் காட்டும். அட்டையையும் சோதனைக் குழாயையும் சேர்த்துப் பிடிக்கும்போது பின்னால் ஒரு வெள்ளைத் தாள் இருக்கட்டும். பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத இடத்தில் பாருங்கள். டியூப் லைட்டின் கீழ் மஞ்சளும் இளஞ்சிவப்பும் வேறாகத் தெரியும்.

பெட்டி ஒரு முதற்கட்டச் சல்லடை, அவ்வளவே. அது எல்லையைத் தாண்டிக் காட்டினாலோ எல்லைக்கு அருகில் காட்டினாலோ மாதிரியை மாவட்டத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பொதுமக்களும் குறைந்த கட்டணத்தில் அங்கே சோதித்துக்கொள்ளலாம். இரசாயனச் சோதனை ஆண்டுக்கு ஒரு முறை, கிருமிச் சோதனை மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை என்பது குறைந்தபட்ச நடைமுறை.

இனி வரும் எல்லைகள் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 : 2012 என்ற குடிநீர்த் தரத்தில் உள்ளவை. பி.எச். தவிர எல்லா எண்களும் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. சிலவற்றுக்கு அதில் இரண்டு எண்கள் உண்டு. முதலாவது ஏற்கத்தக்க அளவு. இரண்டாவது, வேறு நீராதாரமே இல்லாதபோது சகித்துக்கொள்ளும் அளவு. இரண்டாவது எண்ணைக் காட்டி "எல்லைக்குள்தான் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், வேறு ஆதாரம் தேடிப் பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள்.

"தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கிறது, சுவையும் நன்று; பிள்ளைகளின் பல்லில் மட்டும் காவிக் கறை"

இது ஃப்ளோரைடின் அடையாளம். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களின் பல ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த காட்சி.

முதலில் பல்லைச் சரியாகப் பாருங்கள். ஆறு வயதுக்கு மேல் முளைக்கும் நிலைப்பற்களில், முன்பற்களின் குறுக்கே சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கிய வெள்ளைப் பட்டைகள் தெரியும். பாதிப்பு கூடியிருந்தால் அதே இடத்தில் மஞ்சள் அல்லது பழுப்புக் கோடுகள். வலப்பக்கப் பல்லில் இருப்பது அதன் இணையான இடப்பக்கப் பல்லிலும் இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. வெற்றிலை, புகையிலைக் கறை ஈறு ஓரத்திலும் பல் இடுக்கிலும் ஒழுங்கில்லாமல் படியும். சுரண்டினால் கொஞ்சம் வரும். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் "சரியாகப் பல் தேய்ப்பதில்லை" என்று பிள்ளையைத் திட்டுவது அநியாயம்.

இந்தக் கறை பல் உருவாகும் பருவத்தில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், பல்லின் உள்ளேயே பதிந்துவிடுவது. வெளியூரிலிருந்து கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு இருபது ஆண்டு அதே நீரைக் குடித்தாலும் பல்லில் எதுவும் தெரியாது. எனவே ஊரின் நீரைப் பற்றிப் பெரியவர்களின் பல் சாட்சி சொல்லாது. ஊரிலேயே பிறந்து வளர்ந்த பள்ளிப் பிள்ளைகளைப் பாருங்கள். பெரியவர்களிடம் கேட்க வேண்டியது மூட்டும் முதுகும் பற்றி. முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொட முடிகிறதா? தாடையை மார்பில் வைக்க முடிகிறதா? இரு கைகளையும் பிடரிக்குப் பின்னால் கோக்க முடிகிறதா? வயதுக்கு மீறிய விறைப்பு பலருக்கும் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து நீர்ச் சோதனை. பெரும்பாலான பெட்டிகளில் மருந்து விட்டதும் நீர் இளஞ்சிவப்பாக இருந்தால் ஃப்ளோரைடு குறைவு. மஞ்சளை நோக்கிப் போகப் போக அதிகம். உங்கள் பெட்டியின் அட்டையை ஒரு முறை படித்துவிட்டுத் தொடங்குங்கள். ப்ளீச்சிங் பவுடர் கலந்த நீரில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். குளோரின் சாயத்தை வெளுத்துவிடும். போரின் வாயிலிருந்தே எடுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, 1.5க்கு மேல் போனால் அந்த நீர் குடிக்கவும் சமைக்கவும் ஆகாது.

இங்கேதான் நாக்கு நம்மை ஏமாற்றுகிறது. ஃப்ளோரைடு கருங்கல் பாறையிலிருக்கும் கனிமங்களிலிருந்து கரைந்து வருகிறது. நீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஃப்ளோரைடு அதோடு சேர்ந்து படிந்துவிடும். கால்சியம் குறைந்து சோடியம் பைகார்பனேட் மிகுந்த நீரில் அது தாராளமாகக் கரைந்து நிற்கும். கால்சியம் குறைந்த நீர் எப்படி இருக்கும்? சோப்பு நன்றாக நுரைக்கும், பருப்பு வேகும், வாய்க்கு மென்மையாக இருக்கும். ஊரே மெச்சிக் குடம் குடமாக எடுத்துப்போகும் போரில் ஃப்ளோரைடு அதிகமாகவும், "சப்பைத் தண்ணீர்" என்று ஒதுக்கிய கிணற்றில் குறைவாகவும் இருக்க இதனால் இடமுண்டு. ஒரே ஊரில் இருநூறு அடி தள்ளி இருக்கும் இரண்டு போர்களே வெவ்வேறு அளவு காட்டும். ஆகையால் ஒரு போரைச் சோதித்துவிட்டு ஊருக்கே முடிவு சொல்லாதீர்கள். குடிக்கப் பயன்படும் ஒவ்வோர் ஆதாரத்தையும் தனித்தனியாகச் சோதித்து, எண் போட்டு எழுதுங்கள். பாறையின் அடியில் நெடுநாள் தேங்கிய நீரைவிட, மழையால் நிரம்பும் ஆழமில்லாத கிணற்றில் பெரும்பாலும் ஃப்ளோரைடு குறைவாக இருக்கும். மாற்று ஆதாரம் தேடும்போது அதையும் பட்டியலில் வையுங்கள்.

கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடும். துணியில் வடிகட்டினாலும் போகாது. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துக் கலக்கித் தெளிய வைக்கும் நல்கொண்டா முறை இருக்கிறது; அளவு தவறினால் அலுமினியம் நீரில் தங்கிவிடும். ஆகவே அது பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் நடக்க வேண்டியது. நீரைச் சவ்வு வழியே அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. இயந்திரமும் ஃப்ளோரைடைக் குறைக்கும். என் முதல் தேர்வு வேறு நீராதாரம்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்பைத் தணிப்பது என்ற நோக்கம் இருக்கிறது. அப்படி ஆற்று நீர் வரும் ஊர்களில் ஒன்றைக் கவனியுங்கள்: வரத்து குறையும் நாள்களில் மேல்நிலைத் தொட்டியில் உள்ளூர்ப் போர் நீரைக் கலக்கிறார்களா? கலக்கிறார்கள் என்றால் தொட்டி நீரையும் சோதிக்க வேண்டும். ஆற்று நீர் என்ற நம்பிக்கையில் பழைய போரையே குடித்துக்கொண்டிருக்கலாம்.

மாற்று ஏற்பாடு வரும்வரை, குடிக்கவும் உலை வைக்கவும் மட்டுமாவது கூரையில் பிடித்த மழைநீரை மூடிய தொட்டியில் சேர்த்துப் பயன்படுத்தலாம். அதில் ஃப்ளோரைடு இல்லையென்றே சொல்லலாம்; கிருமிக்காகக் கொதிக்க வைத்தால் போதும். குளிக்கவும் துவைக்கவும் பழைய போர் நீரே இருக்கட்டும், அதனால் கெடுதல் இல்லை. கேழ்வரகு, பால், நெல்லிக்காய் போன்றவை பிள்ளைகளின் உணவில் இருப்பது நல்லது. நீரை மாற்றாமல் உணவை மட்டும் மாற்றி இதைத் தீர்க்க முடியாது.

"பம்பு அடித்தபோது தெளிவு, ஒரு மணி நேரத்தில் குடம் சிவக்கிறது"

இரும்பு. நிலத்தின் அடியில் காற்றுப் படாமல் கரைந்திருக்கும் இரும்பு, வெளிக்காற்றுப் பட்டதும் துருவாகிப் படிகிறது. ஒரு வெள்ளை டம்ளரில் பிடித்து மூடாமல் வையுங்கள். முதலில் தெளிவாக இருக்கும். பிறகு மேலே எண்ணெய்ப்படலம் போல ஒரு மினுமினுப்பு வரும். மெல்ல மஞ்சளாகிக் கடைசியில் அடியில் காவி நிற வண்டல் தங்கும். அந்த நீரில் தேநீர் போட்டால் கறுத்துவிடும், சோறு பழுப்பாகும், வெள்ளை வேட்டி மஞ்சள் பாரிக்கும்.

ஆனால் இரும்பு நிலத்திலிருந்து வருகிறதா, குழாயிலிருந்து வருகிறதா என்பதைப் பிரித்தறிய வேண்டும். காலையில் முதல் குடம் சிவப்பாக வந்து, நன்றாக அடித்த பின் பிடித்த குடம் எவ்வளவு நேரம் வைத்தாலும் சிவக்கவில்லை என்றால், குற்றவாளி கைப்பம்பின் துருப்பிடித்த இரும்புக் குழாய். பி.எச். பாருங்கள், 6.5க்குக் கீழே இருந்தால் அந்த நீர் குழாயை அரிக்கிறது. குழாயை மாற்றினால் தீர்ந்துவிடும். எந்தக் குடம் பிடித்தாலும் சிவந்தால், அது நிலத்து இரும்பு. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நீரைச் சல்லடை வழியாகத் தூவிக் காற்றுப் பட விட்டு, படிந்த பின் மணல் அடுக்கில் வடித்தால் பெருமளவு நீங்கும். இரும்பு குளோரினையும் விழுங்கும். ப்ளீச்சிங் போட்டும் குழாயில் குளோரின் காணோம் என்றால் இரும்பையும் சந்தேகியுங்கள்.

"சோப்பு நுரைக்கவில்லை, பருப்பு வேகவில்லை, பாத்திரத்தில் வெள்ளை படிகிறது"

கடினத்தன்மை, கால்சியமும் மக்னீசியமும். 200 ஏற்கத்தக்கது, மாற்று இல்லாதபோது 600 வரை. கொதிக்க வைத்து ஆறவிட்டால் வெள்ளையாகப் படிந்து நீர் மென்மையானால் அது தற்காலிகக் கடினத்தன்மை. படியாமல் அப்படியே இருந்தால் நிரந்தரக் கடினத்தன்மை. கொதிக்க வைப்பதால் பயனில்லை. ஊரில் மிக அதிகம் வரும் புகார் இதுதான். உடம்புக்கு மிகக் குறைந்த கெடுதல் செய்வதும் இதுதான். "சிறுநீரகக் கல் வருகிறது" என்று பயந்து கடின நீர்க் கிணற்றைக் கைவிட்டுச் சோதிக்காத புதிய போருக்கு ஓடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

"உப்புக் கரிக்கிறது"

குளோரைடும் மொத்தக் கரைந்த உப்பும் பாருங்கள். கரைந்த உப்புக்கு 500, 2000. குளோரைடுக்கு 250, 1000. எப்போதிலிருந்து கரிக்கிறது என்பது முக்கியமான தடயம். தாத்தா காலத்திலிருந்தே என்றால் நிலத்தின் இயல்பு. சில ஆண்டுகளாக, கோடையில் கூடி மழையில் குறைகிறது என்றால் அதிகமாக இறைப்பது காரணமாக இருக்கலாம். கடலோரத்தில் இப்படி இறைத்தால் கடல்நீர் உள்ளே ஏறும். திருவள்ளூர் மாவட்டத்து மீஞ்சூர்ப் பகுதி இதற்குப் பலகாலமாக அறிந்த உதாரணம். திடீரென்று, ஒரு திசையிலிருக்கும் கிணறுகளில் மட்டும் என்றால் அந்தத் திசையில் என்ன ஆலை, என்ன கழிவு என்று பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஆலைப் பகுதிகளிலும் நொய்யல் கரையின் சாயக்கழிவுப் பகுதிகளிலும் உப்போடு நின்றுவிடாமல் குரோமியம் போன்ற உலோகங்களுக்கும் ஆய்வகச் சோதனை கேளுங்கள். கிராமத்துப் பெட்டி இந்த உலோகங்களைக் காட்டாது.

டி.டி.எஸ். மீட்டரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது நீரின் மின்கடத்தும் திறனை அளந்து மொத்த உப்பை மதிப்பிடும் கருவி. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது; கிருமியை அது பார்க்கவே பார்க்காது. டி.டி.எஸ். 300 காட்டும் நீரில் ஃப்ளோரைடு 2 இருக்கலாம், மலக்கிருமியும் இருக்கலாம். அந்தக் கருவி உருப்படியாகப் பயன்படும் ஓர் இடம் ஆர்.ஓ. நிலையம். உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் வாரம் ஒரு முறை அளந்து எழுதுங்கள். வெளியே வருவது மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போனால் சவ்வு தேய்கிறது. அதோடு, கழித்துவிடும் அடர்ந்த உப்பு நீர் எங்கே போகிறது என்றும் பாருங்கள். பக்கத்துக் கிணற்றருகே பள்ளத்தில் விட்டால் அது மறுபடி ஊருக்கே திரும்பும்.

"முட்டை அழுகிய நாற்றம்"

சில நாள் பயன்படுத்தாத போரா? நன்றாக இறைத்துவிட்டு மறுபடி முகர்ந்து பாருங்கள். நாற்றம் போய்விட்டால் தேங்கிய நீரின் வேலை. போருக்குள் குளோரின் கரைசல் விட்டு ஓரிரவு வைத்து இறைத்தால் சரியாகும். இறைத்தும் போகாவிட்டால் நிலத்தடியில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு. காற்றுப் பட ஊற்றி வைத்தால் பெரும்பாலும் பறந்துவிடும். நாற்றத்தில் சாக்கடை வாடையும் கலந்திருந்தால் இதோடு விட்டுவிடாமல் அடுத்த இரு பகுதிகளின்படி சோதியுங்கள்.

"எந்தப் புகாரும் இல்லை, ஆனால் கிணற்றருகே கழிவறைக் குழி, மாட்டுத் தொழுவம், அல்லது யூரியா போடும் வயல்"

நைட்ரேட்டுக்காகக் கட்டாயம் சோதியுங்கள். எல்லை 45 மில்லிகிராம். இதற்கு இரண்டாவது, தளர்த்தப்பட்ட எண் தரத்தில் கிடையாது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பால் பவுடரை இந்த நீரில் கரைத்துக் கொடுத்தால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறன் குறைந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கும். நீலம் தெரிந்தால் சோதனைக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இந்த நீரைக் கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போலவே செறிவு கூடும்; கைக்குழந்தைக்காக என்று தாய்மார்கள் நெடுநேரம் கொதிக்க விடுவதுதான் இதில் மனம் கனக்கச் செய்கிறது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்த வழியில் ஆபத்து இல்லை.

பெட்டியில் அமோனியாவும் நைட்ரைட்டும் சேர்ந்து காட்டினால் கழிவு அண்மையில், அருகிலிருந்து கலக்கிறது. நைட்ரேட் மட்டும் காட்டினால் பழைய கலப்பு, அல்லது உரம். ஆய்வக அறிக்கையில் ஒரு நுட்பம் உண்டு. சில ஆய்வகங்கள் "நைட்ரேட், நைட்ரஜனாக" என்று எழுதும். அந்த எண்ணை 4.43ஆல் பெருக்கித்தான் 45ஓடு ஒப்பிட வேண்டும். அறிக்கையில் 12 என்று பார்த்து நிம்மதியடைந்தால், உண்மையில் அது 53.

"மழை பெய்த வாரம் வயிற்றுப்போக்கு"

ஒரே தெருவில் ஓரிரு நாளில் பலருக்கு வந்தால், சோதனையும் தடுப்பும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். அன்றே எல்லோரும் கொதிக்க வைத்த நீருக்கு மாறட்டும். நன்றாகத் தளதளவென்று கொதித்தால் போதும். சுகாதார ஆய்வாளருக்குத் தகவல் சொல்லுங்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் வீட்டுக்கு வீடு போய்ச் சேரட்டும். பிறகு குளோரினைத் தேடிப் புறப்படுங்கள்.

தொட்டியிலிருந்து மிகத் தொலைவிலுள்ள கடைசித் தெருக் குழாயில் தொடங்குங்கள். குளோரோஸ்கோப்பில் (மீதக் குளோரினை நிறம் பார்த்து அளக்கும் சிறு கருவி) நீரை நிரப்பி மருந்து விட்டதும் வரும் மஞ்சள் நிறத்தைப் பத்து விநாடிக்குள் அட்டையோடு ஒப்பிடுங்கள். தாமதித்தால் வேறு வடிவிலுள்ள குளோரினும் சேர்ந்து அதிகமாகக் காட்டும். கடைசிக் குழாயில் குறைந்தது 0.2 வேண்டும். அது இருந்தால் சந்தேகத்தை வீட்டுக்குள் கொண்டு போங்கள்: மூடாத குடம், கை நனைய மொள்ளும் சொம்பு, பல மாதம் கழுவாத சின்டெக்ஸ் தொட்டி.

0.2 இல்லையா? மேல்நிலைத் தொட்டியின் அடியிலுள்ள குழாய்க்கு வாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் ப்ளீச்சிங் போடவே இல்லை, அல்லது போட்டது செத்த பவுடர், அல்லது முன்பு சொன்னதுபோல் இரும்பு அதை விழுங்கிவிட்டது. புதிய பவுடரில் 33 சதவீதம் குளோரின் இருக்கும். மூட்டையைத் திறந்து ஈரத்திலும் வெயிலிலும் வைத்தால் மளமளவென்று வீரியம் குறையும். மூக்கைத் துளைக்கும் நெடி இல்லாத, கட்டி தட்டிய பவுடர் சுண்ணாம்புக்குச் சமம். அளவு, 1,000 லிட்டருக்கு 4 கிராம். 30,000 லிட்டர்த் தொட்டிக்கு 120 கிராம். முதலில் கொஞ்சம் நீரில் குழைத்து, பிறகு வாளி நிறைய நீர்விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டி நிரம்பும்போதே ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். பவுடரை அப்படியே தொட்டிக்குள் கொட்டினால் அடியில் சகதியாகிவிடும். முதல் தெருவுக்கு நெடி, கடைசித் தெருவுக்கு ஒன்றுமில்லை. இந்த 4 கிராம் தொடக்கக் கணக்குதான். கடைசிக் குழாயில் 0.2 வரும்வரை கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டும்.

தொட்டியில் குளோரின் இருக்கிறது, கடைசித் தெருவில் இல்லை என்றால் நடுவே குழாயில் உடைப்பு இருக்கலாம். ஒவ்வொரு தெருவாகச் சோதித்துக்கொண்டே போங்கள்; எந்த இடத்துக்கும் எந்த இடத்துக்கும் நடுவில் குளோரின் மறைகிறதோ அங்கேதான் தோண்ட வேண்டும். சாக்கடையைக் கடக்கும் குழாய்கள், நீர் தேங்கிய வால்வுக் குழிகள் முதலில். தண்ணீர் விடும் நேரத்தில் வெளியே கசியும் ஓட்டை, நிறுத்திய பின் அதே வழியாகச் சாக்கடையை உள்ளே இழுக்கும். வீட்டு வாசலில் பள்ளம் தோண்டி, இடுப்பளவுக் குழிக்குள் குழாயைத் தாழ்த்தி வைத்துப் பிடிக்கிறார்களே, அந்தக் குழியைக் குனிந்து பாருங்கள். மழைநீரும் துவைத்த நீரும் தேங்கி, குழாய்வாயும் பிளாஸ்டிக் ஹோஸும் அதிலேயே மூழ்கிக் கிடக்கும். வால்வை மூடியதும் அந்த அழுக்கு நீர் குழாய்க்குள் போகும். மோட்டார் போட்டு உறிஞ்சும் வீடு பக்கத்தில் இருந்தால் இன்னும் வேகமாகப் போகும். அழுத்தம் இல்லாததால்தான் குழி தோண்டுகிறார்கள். அழுத்தத்தைச் சரிசெய்யாமல் குழியை மட்டும் மூடச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

கைப்பம்பு, கிணறு என்றால் கிருமிச் சோதனைக்கு எச்.டூ.எஸ். குப்பி (மலக்கிருமி உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்பைடால் நீர் கறுக்கும் சோதனைக் குப்பி) எளிது. 1982இல் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை. குப்பியின் வாயிலோ மூடியின் உள்புறத்திலோ விரல் படாமல் கோடு வரை நீர் பிடித்து மூடி, வீட்டின் சாதாரண வெப்பத்தில் வையுங்கள். இருபத்து நான்கு மணி முதல் நாற்பத்தெட்டு மணிக்குள் கறுத்தால் மலக்கலப்பு என்று கொள்ளுங்கள். கறுக்கவில்லையென்றால் நல்ல செய்தி, முழு உத்தரவாதம் அல்ல. முட்டை நாற்றமுள்ள நீர் கிருமி இல்லாமலே கறுக்கும். அதற்கு ஆய்வகம்தான் வழி. கறுத்த குப்பிக்குள் ப்ளீச்சிங் கரைசல் விட்டுவிட்டுத்தான் அப்புறப்படுத்த வேண்டும். பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது.

கறுத்த கைப்பம்பைச் சுற்றி நடந்து பாருங்கள். சிமென்ட் மேடையில் வெடிப்பு, பம்பின் அடிப்பாகம் ஆடுவது, சிந்திய நீர் அங்கேயே தேங்குவது, 15 மீட்டருக்குள் கழிவறைக் குழி. இவற்றில் ஏதாவது ஒன்று கண்ணில் படும். மேடையைப் பூசி, நீரை வழியவிட்டு, குளோரின் போட்டு இறைத்த பின் மறுபடி சோதியுங்கள். மறுபடியும் கறுத்தால் அடியில் பாறை வெடிப்பு வழியாகக் கழிவு வருகிறது. அந்தப் பம்பு குடிநீருக்கு இனி வேண்டாம்.

"பெட்டி ஒன்று சொல்கிறது, ஆய்வகம் வேறு சொல்கிறது"

மாதிரி எடுத்த விதத்தை முதலில் விசாரியுங்கள். பம்பை நன்றாக அடித்துக் குழாயில் தேங்கிய நீரைப் போக்கிய பிறகு எடுத்தீர்களா? இரசாயனச் சோதனைக்கு எடுத்த கேனை அதே நீரால் மூன்று முறை அலசினீர்களா? குளிர்பான பாட்டிலில் கொண்டுபோயிருந்தால் அந்த எண்களைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கிருமிச் சோதனைக்கான புட்டி ஆய்வகம் தந்த கிருமி நீக்கிய புட்டியாகவே இருக்க வேண்டும். அதற்குள் குளோரினை முறிக்கும் மருந்து போட்டிருப்பார்கள், அதை அலசவே கூடாது. குழாய்வாயை ஸ்பிரிட் பஞ்சால் சுட்டு, நீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, கூடுமானவரை ஆறு மணி நேரத்துக்குள் சேருங்கள். 24 மணி நேரம் தாண்டினால் அந்த முடிவுக்கு மதிப்பில்லை. புட்டியின் மேல் இடம், ஆதார வகை, நாள், நேரம், குளோரின் போட்டதா இல்லையா என்பதை எழுதுங்கள். மே மாதத்து எண்ணும் டிசம்பர் மாதத்து எண்ணும் மாறுவது தவறல்ல, மழை பெய்தால் நிலத்தடி நீரின் செறிவு மாறும். எனவே ஒரே ஆதாரத்தை இரு பருவத்திலும் பார்க்க வேண்டும்.

முடிவு கையில் வந்த பிறகு

எல்லை தாண்டிய ஆதாரத்தில் "குடிக்கவும் சமைக்கவும் கூடாது, துவைக்கலாம்" என்று படிக்கும்படி எழுதி வையுங்கள். அடைத்துவிடாதீர்கள், மற்ற வேலைக்கு நீர் வேண்டும். அறிக்கையின் நகலை ஊராட்சி அறிவிப்புப் பலகையிலும் பள்ளியிலும் ரேஷன் கடையிலும் ஒட்டுங்கள். தமிழ்நாட்டில் 2022 முதல் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் மார்ச் 22, உலக தண்ணீர் தினம். அந்தக் கூட்டத்துக்கு எண்களோடு போங்கள். "தண்ணீர் சரியில்லை" என்று பேசினால் குறிப்பில் ஏறாது. "மேற்குத் தெரு மூன்றாம் எண் கைப்பம்பில் ஃப்ளோரைடு 2.1, மாற்று ஆதாரம் வேண்டும்" என்று எழுத்தில் கொடுத்து, தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டு, அதன் நகலையும் ஆய்வக அறிக்கையையும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டு, அந்தப் பம்பின் அடுத்த சோதனைத் தேதியை ஊராட்சிப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள்.